பயிலரங்குக்கு வந்த ஆரோக்கியமான நாய்

ஜூலை 3, புதன்

கபூர் சார் போன் செய்தபோது நான் ஒரு பக் நாயின் காதுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சசி, நல்ல செய்திம்மா. இந்த வருஷப் பயிலரங்குக்குச் சிறப்புப் பேச்சாளர் கிடைச்சாச்சு" என்றார். யார் என்று கேட்டேன். "நம்ம திருமாறன்தான்!"

நம்ம திருமாறனாம்.

கபூர் சார் எங்கள் செல்லப்பிராணி மருத்துவர் மன்றத்தின் தலைவர். நான் செயலாளர். அதாவது அவர் குத்துவிளக்கு ஏற்றுவார், நான் தீப்பெட்டி தேடுவேன். வருஷம் ஒரு தடவை திருச்சி, கரூர், புதுக்கோட்டைப் பக்கத்து நாய், பூனை டாக்டர்களை ஒரு ஓட்டல் ஹாலில் உட்கார வைத்து, தொழிலில் புதிதாக வந்திருப்பதைக் கற்றுக்கொடுத்து, சாப்பாடு போட்டு, தொடர்கல்விச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது எங்கள் வேலை. இந்தத் தடவை பாடம் வயிற்று ஸ்கேன். அதில் இந்த வட்டாரத்தில் திருமாறனை விட்டால் ஆள் இல்லை என்று ஊரே சொல்கிறது. அவருடைய முதல் ஸ்கேன் மெஷினைச் சென்னையிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான் என்பதை ஊர் சொல்லாது.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ரொம்ப நல்லது சார்" என்று வந்தது. சாயங்காலம் தேநீர் குடிக்கும்போதுதான் ஏன் என்று புரிந்தது. ஆறு வருஷமாக அந்த மனிதரை எங்கே வைத்துப் பிடிப்பது என்று வழி தெரியாமல் இருந்தேன். இப்போது அவரே என் ஹாலுக்கு, என் மைக்குக்கு முன்னால் வரப்போகிறார்.

ஜூலை 5, வெள்ளி

"ஏன் மேடம், இன்னிக்கு ஊசியெல்லாம் சுருக்குன்னு போடுறீங்க?" என்று ரெஜினா கேட்டாள். என் கிளினிக்கில் உதவிக்கு இருப்பவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. ஆனாலும் ஒன்றுமில்லை என்றேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். தில்லைநகர் கிளினிக் எங்கள் இரண்டு பேருடையதாக இருந்தது. கல்லூரியில் ஒரே வகுப்பு. கிளினிக்கின் பெயர்ப்பலகைக்கு நிறம் தேர்ந்தெடுத்ததுகூட நான்தான். ஒருநாள் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் வீட்டிலிருந்து போன். காய்ச்சலாம், என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். வரவேற்பில் இருந்த பெண் ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். "பாராசிட்டமால் அரை மாத்திரை" என்று உள்ளேயிருந்து கத்தினார் திருமாறன். நாயா பூனையா என்று கேட்கவில்லை.

பூனை. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். முதல் வருஷப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம், அவருக்குத் தெரியாதா? கேட்க மறந்தார், அவ்வளவுதான். யாருக்கும் நேரக்கூடியது. மறுநாள் பூனை செத்து, அந்த வீட்டார் திரண்டு வந்து நின்றபோது அவர் சொன்னதுதான் யாருக்கும் நேராதது. "நேத்து போன்ல ஆலோசனை சொன்னது சசிரேகா மேடம்."

நான் அன்று தஞ்சாவூரில் சித்தி மகள் கல்யாணத்தில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் என் போட்டோ ஊரிலுள்ள எல்லா வாட்ஸப் குழுவுக்கும் போய்விட்டது. "பூனையைக் கொன்ற டாக்டர்." திருமாறன் என் கண்ணைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ சசி, தானா அடங்கிடும்" என்றார். அடங்கவில்லை. நான்தான் வெளியேறித் திருவெறும்பூரில் தனிக்கடை போட்டேன்.

இனிமேல் இந்த டைரியில் அவருக்கு மாமேதை என்று பெயர்.

ஜூலை 9, செவ்வாய்

நிகழ்ச்சி நிரல் போட்டேன். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி, சாப்பாட்டுக்கு அடுத்த பேச்சு: மாமேதை. அந்த நேரத்தில் பேச வந்து தோற்காத ஆள் இல்லை. அதோடு விடவில்லை. ஓட்டல்காரரிடம் மட்டன் பிரியாணி, பிரெட் அல்வா, அதற்குமேல் தயிர் சாதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். "சாப்பாடு கொஞ்சம் கனமா இருக்கே?" என்றார் கபூர் சார். "டாக்டருங்க பாவம் சார், வருஷம் பூரா டிபன் பாக்ஸ்ல சாப்பிடுறவங்க" என்றேன். மனிதர் உருகிவிட்டார்.

எண்பது பேர் குறட்டை விட அவர் பேச வேண்டும். இது சும்மா ஊறுகாய்தான். சாப்பாடு வேறு வைத்திருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

சாப்பாடு இதுதான். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். செயலாளர் என்ற முறையில் முதல் கேள்வி நான் கேட்பேன். "டாக்டர், ஒரு வீட்டிலிருந்து காய்ச்சல் என்று போன் வருகிறது. நாயா பூனையா என்று தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?" அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஹாலில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். அவர் முகம் போகும் போக்கை எல்லோரும் பார்ப்பார்கள்.

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். குரல் கொஞ்சம் நடுங்குகிறது. இன்னும் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

மாமேதையே போன் செய்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு.

"சசிரேகா மேடம், ஞாயித்துக்கிழமை செய்முறைக்கு ஒரு நாய் வேணும். வயசானதா, ஆனா ஆரோக்கியமானதா. நார்மல் வயிறு எப்படி இருக்கும்னு முதல்ல காட்டினாத்தான் நோய் புரியும். நானே கொண்டுவரேன். மிக்சர் இருக்கான்ல."

"இருக்கானா?" என்று கேட்டேன்.

"இருக்கான், இருக்கான். பதிமூணு வயசு. கல்லு மாதிரி இருக்கான்."

"கடைசியா எப்ப அவனை ஸ்கேன் பண்ணீங்க?"

சிரித்தார். "நம்ம வீட்டு நாயை யாரு பண்றா மேடம்?"

அது உண்மைதான். எட்டு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் பாருங்கள், ஸ்கேன் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்வோம். எங்கள் வீட்டு நாய் மட்டும் சோறு தின்று வாலை ஆட்டினால் ஆரோக்கியம்.

மிக்சர் என்பது பழைய கிளினிக் நாய். என்ன ஜாதி என்று யாராலும் சொல்ல முடியாததால் அந்தப் பெயர். பின்னங்கால் நசுங்கிய குட்டியைக் கருணைக்கொலை பண்ணச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊசியில் மருந்து ஏற்றினேன், கையை நக்கினான், ஊசியைக் குப்பையில் போட்டேன். வளர்ந்த பிறகு எந்த நாய்க்கு இரத்தம் தேவைப்பட்டாலும் அவன்தான் கொடுப்பான். தானே மேஜையில் ஏறிப் படுத்துக் கழுத்தை நீட்டுவான். முடிந்ததும் ஒரு அவித்த முட்டை, என் கையால். நான் வெளியேறியபோது அவனைக் கேட்டேன். "அது கிளினிக் நாய் சசி" என்றார் மாமேதை. நான் குடியிருந்த வீட்டுக்காரரும் நாய் கூடாது என்றார்.

இப்போது சொந்த வீடு. ஆனால் அதெல்லாம் பழைய கதை. அந்த நாயை நான் நினைப்பதேயில்லை.

ஜூலை 26, வெள்ளி

பேனர் வந்தது. பைகள் வந்தன. மைக் சோதித்தாயிற்று. இரண்டு நாளும் ரெஜினா பதிவு மேஜையில் உட்காருவாள்.

வரும் வழியில் ஒரு முட்டை வாங்கினேன். வீட்டில் முட்டை இல்லை, அதனால்தான்.

ஜூலை 27, சனி

எரிகிறது. எழுதவே பிடிக்கவில்லை.

பிரியாணி நன்றாக இருந்தது. அல்வாவை எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்கு மாமேதை மேடை ஏறினார். ஒருவர் தூங்கவில்லை! ஒரே ஒருவர்கூட. பெரம்பலூர் டாக்டர் ஒருவர், கல்லூரிப் பரீட்சையிலேயே தூங்கியவர், குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நன்றாகப் பேசினார் பாவி. அவருக்கு எப்போதும் அந்த வரம் உண்டு.

கேள்வி நேரம் வந்தது. எழுந்தேன். மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அவர், "முதல்ல ஒண்ணு சொல்லணும். எனக்கு ஸ்கேன் ப்ரோபைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது இந்த மேடம்தான். இவங்க கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்ல. ஸ்கேன்ல நான் தேடுறதை இவங்க விரல்ல கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார். ஹால் முழுக்கக் கைதட்டல். கபூர் சார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

கைதட்டலுக்கு நடுவே பூனையைப் பற்றி எப்படிக் கேட்பது? நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எண்பது பேர் முன்னால் என்னைப் புகழ்ந்தே வாயை அடைத்துவிட்டார். பழியைப் போட்டபோதும் இப்படித்தான், பாராட்டைப் போட்டபோதும் இப்படித்தான். என்னை எதுவும் பேச விடுவதில்லை.

ஜூலை 28, ஞாயிறு, காலை

டைரி கைப்பையில் இருந்ததால் பதிவு மேஜையில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

எட்டரைக்கு ஓட்டலின் பின்பக்கப் புல்தரையில் மிக்சரைப் பார்த்தேன். மாமேதையின் டிரைவர் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். கிழவனாகிவிட்டான். முகவாய் வெளுத்து, ஒரு கண்ணில் புரை. நான் பேசவில்லை, கூப்பிடவுமில்லை. காற்றில் மூக்கை நீட்டினான். அப்புறம் அந்தப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு, கயிறு அறுந்துவிடும்போல் ஓடி வந்து, என் செருப்பின் மேல் மல்லாந்து விழுந்து வயிற்றைக் காட்டினான். குட்டியாக இருந்தபோது பண்ணிய அதே வேலை.

வயிற்றைத் தடவினேன். இடது பக்கம், விலா முடியும் இடத்துக்குக் கீழே, விரலடியில் ஒன்று உருண்டது. சாத்துக்குடி அளவு.

சாப்பிட்டது கட்டியிருக்கலாம். வயசான நாய்க்கு மலச்சிக்கல் சகஜம். அந்த நாய்க்கு நான் டாக்டரும் இல்லை.

மண்ணீரல் இருக்கும் இடம் அது.

திரும்பும்போது படியில் மாமேதை எதிரே வந்தார். "மிக்சரைப் பார்த்தீங்களா? எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.

பதினொரு மணிக்கு அவர் எண்பது பேர் முன்னால், பெரிய திரையில், ஆரோக்கியமான மண்ணீரலைக் காட்டப் போகிறார். நான் கேள்வியே கேட்க வேண்டாம். ஊருக்கெல்லாம் ஸ்கேன் பார்க்கிற ஆள் தன் நாயின் வயிற்றில் இவ்வளவு பெரியதை வைத்துக்கொண்டு கல்லு மாதிரி இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததைத் திரையே சொல்லிவிடும். இரண்டரை மணி நேரம்தான். ஆறு வருஷம் பொறுத்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? நாய் இத்தனை நாள் தாங்கியது, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

விளக்குகளை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். திரை நன்றாகத் தெரிய வேண்டும்.

அதே நாள், சாயங்காலம்

இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு அவனை மேஜையில் ஏற்றினார்கள். ஏற்றக்கூடத் தேவையில்லை, தானே ஏறினான். ஏறிப் படுத்துக் கழுத்தை நீட்டினான். இரத்தம் எடுக்கப் போகிறோம் என்று நினைத்துவிட்டான். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவரோரம் நின்றேன்.

மாமேதை ஈரல் காட்டினார், பித்தப்பை காட்டினார், சிறுநீரகம் காட்டினார். நார்மல், நார்மல் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் கண் பார்வையாளர்கள் மேல், கை நாய் மேல். "அடுத்தது மண்ணீரல். நாக்கு மாதிரி வழவழன்னு இருக்கணும்" என்று சொல்லி, நாயின் வயிற்றில் வைத்திருந்த ப்ரோபை நகர்த்தினார். திரையில் வந்தது நாக்கு இல்லை. மேடும் பள்ளமுமாக ஒரு உருண்டை. அவர் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் கரூர் பெண் டாக்டர் ஒருத்தி, "சார், அது என்ன சார்?" என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தார். அந்த முகம்! ஆறு வருஷமாக நான் கண்ணாடி முன் நின்று கற்பனை பண்ணியதைவிட நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குள் தித்தித்தது. எண்பது பேரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் நம்பவில்லை. ப்ரோபை இன்னும் அழுத்தினார். சாய்த்து அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். அந்தக் கட்டியை அப்படி அழுத்தக் கூடாது. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் அப்போது டாக்டராக இல்லை, நாய் வளர்க்கிறவராக இருந்தார். அழுத்தாதீங்க என்று என் வாய்வரை வந்தது.

கட்டியின் ஓரத்திலிருந்து கறுப்பு பரவ ஆரம்பித்தது. ஸ்கேனில் கறுப்பு என்றால் தண்ணீர், இல்லாவிட்டால் இரத்தம். கட்டி உடைந்துவிட்டது. விளக்கை அணைத்து வைத்திருந்ததால் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மிக்சர் கத்தவில்லை. கழுத்தை நீட்டியபடியே இருந்தான். ஈறு வெளுத்துவிட்டது.

அப்புறம் ஓட்டம்தான். தில்லைநகர் கிளினிக்தான் பக்கம். ஆறு வருஷமாக அந்தத் தெருவழியே போகாதவள், நாயைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தேன். பெயர்ப்பலகை இன்னும் அதே நிறம். ஆபரேஷன் அறையில் மாமேதை கத்தியை எடுத்தார், கீழே வைத்துவிட்டார். "என்னால முடியல. நீ பண்ணு சசி" என்றார். இத்தனை நாள் மேடம் என்று கூப்பிட்டவர்.

நான் திறந்தேன். அவர் மயக்க மருந்தைப் பார்த்துக்கொண்டார். வயிறு முழுக்க இரத்தம். இரத்தக் குழாய்களைக் கட்டி, மண்ணீரலை அறுத்து வெளியே எடுத்தேன். புதுக்கோட்டை டாக்டர் செய்முறைக்குக் கொண்டுவந்திருந்த லாப்ரடார் இரத்தம் கொடுத்தது. மிக்சர் மாதிரி அடக்கமாக இல்லை, மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நான் தையல் போட்டு முடிக்கும்போது மாமேதை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவில் ரெஜினா கேட்டாள்: "காலையில ஜன்னல் வழியாப் பார்த்தேன், அதோட வயித்தை அவ்வளவு நேரம் தடவிட்டிருந்தீங்களே மேடம். அப்பவே எதுவும் தட்டுப்படலியா?"

"இல்ல" என்றேன்.

வீடு வரும்வரை அவள் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 30, செவ்வாய்

மன்றத்தின் வாட்ஸப் குழுவில் திருவிழா. "தன் வீட்டு நாயை ஸ்கேன் பண்ணத் தெரியாதவர் நமக்கு வகுப்பெடுக்கிறார்." "நார்மல் நார்மல்னு சொன்னாரே, என்னா நார்மல்!" யாரோ அவர் முகத்தை அந்த நேரத்தில் போட்டோ எடுத்து, கீழே "ஆரோக்கியமான நாய்" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாய் வளர்ப்பவர்களின் குழுக்களுக்கும் போய்விட்டதாம்.

எல்லாவற்றையும் படித்தேன். சிலதை இரண்டு தடவை.

ஆகஸ்ட் 1, வியாழன்

கபூர் சார் கூப்பிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து திருமாறன் வேண்டாம் என்று குழு முடிவு பண்ணிவிட்டதாம். "நீயே வகுப்பெடு சசி. அன்னிக்கு உன் கையை எல்லாரும் பார்த்தாங்கல்ல" என்றார்.

ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. மதியம் சோறு இறங்கவில்லை. வெயில்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்துவிட்டதாக மாமேதை போனில் சொன்னார். கெட்ட கட்டி. இரத்தக் குழாயில் வரும் புற்று. அதுமட்டும் என்றால் எடுத்துவிட்டு மருந்தும் கொடுத்துக் கொஞ்ச காலம் இழுத்திருக்கலாம். உடைந்ததால் வயிறு முழுக்கச் சிந்தியிருக்கிறது. இனி ரொம்ப நாள் இல்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் ம் போட்டுக்கொண்டிருந்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அறுத்து எடுத்தபோதே தெரியும். அதற்கு முன்னால் புல்தரையிலேயே தெரியும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வாசலில் கார் நின்றது. மாமேதை இறங்கினார். முன் சீட்டிலிருந்து மிக்சரைத் தூக்கி இறக்கினார். கூடவே ஒரு தட்டு, ஒரு பழைய போர்வை. அந்தத் தட்டு நான் வாங்கியது.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வாரத்தில் இளைத்துவிட்டார். "இவன் உன்கூட இருக்கட்டும் சசி. எப்பவும் உன் நாய்தான். நான் கொடுக்காம வச்சுக்கிட்டேன்" என்றார்.

தட்டையும் போர்வையையும் வாங்கிக்கொண்டேன்.

"அந்தப் பூனை விஷயம்" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு அவங்க எல்லாரும் வந்து நின்னதும் பயந்துட்டேன். வாயில உன் பேருதான் வந்துச்சு. நீ ஊர்ல இல்லைங்கறதுகூட அப்ப எனக்கு ஞாபகம் இல்ல. அப்புறம் மாத்திச் சொல்ல தைரியம் வரல. நாளைக்கு, நாளைக்குன்னு ஆறு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப என் போட்டோ எல்லார் போன்லயும் போகுதுல்ல, இப்பத்தான் தெரியுது உனக்கு நான் என்ன பண்ணேன்னு. நேத்து அந்த ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். நம்ம குழுவுலயும் எழுதிடறேன். மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் இல்ல."

இதற்காகத்தான் காத்திருந்தேன். இதே வார்த்தைகள். இந்த இடத்தில் அவரைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துக் கிழிக்க நான் ஒரு முழுப் பேச்சு வைத்திருந்தேன், குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு. ஒரு வரி நினைவுக்கு வரவில்லை.

"பரவாயில்ல" என்றேன். பெரிய மனுஷி மாதிரி.

அவர் குனிந்து மிக்சரின் தலையைத் தடவினார். "இவன் விஷயத்துலயும் என் தப்புதான். வயித்துல கை வச்சுப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். மேஜைல வச்சு நானே அழுத்தி உடைச்சேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா, உடையாம எடுத்திருந்தா, இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பான். இல்லையா சசி?"

அவர் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார். குறைந்தபட்சம், உங்கள் மேல் மட்டும் தப்பில்லை என்றாவது. மிக்சரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலை புல்தரையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த மனிதர் நிமிர்ந்து நடந்து காருக்குப் போவார்.

"ஆமா" என்றேன். "பார்த்திருக்கணும்."

தலையாட்டினார். காரில் ஏறினார். வண்டியை எடுக்க ரொம்ப நேரம் பிடித்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

குழுவில் எழுதிவிட்டார். பூனையைப் பற்றி முழுவதும். என் பெயரைப் போட்டு, நான் நிரபராதி என்று. அதோடு விடாமல், மிக்சரின் கட்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டது தன் குற்றம் என்றும், அவனை மேஜையிலிருந்து காப்பாற்றியது நான்தான் என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு நூறு வாழ்த்துகள். கபூர் சார் பூச்செண்டு படம் போட்டிருக்கிறார்.

பதில் என்ன போடுவது என்று தெரியவில்லை. கும்பிடும் கைகளை மட்டும் போட்டேன்.

அவரை மாமேதை என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ரெஜினா தினமும் வீட்டிலிருந்து மிக்சருக்குக் கோழிச் சோறு கொண்டுவருகிறாள். அவனோடு நிறையப் பேசுகிறாள். என்னோடு வேலைக்குத் தேவையானது மட்டும்.

ஆகஸ்ட் 21, புதன்

அடுத்த வருஷப் பயிலரங்குக்கு என்ன பாடம் எடுக்கப் போகிறாய் என்று கபூர் சார் கேட்டார். அவரே ஒரு தலைப்பும் சொன்னார்: விரலால் தொட்டே வயிற்று நோயைக் கண்டுபிடிப்பது எப்படி. "உன்னை விட்டா யாரும்மா இருக்கா?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று கொஞ்சம் தெம்பாக இருந்தான். முட்டை அவித்தேன். மேஜைக்கு முன்னால் போய் நின்று, ஏற முடியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரத்தம் கொடுத்தால்தான் முட்டை என்று இன்னும் நினைக்கிறான். "சும்மாவே சாப்பிடலாம்டா" என்று கீழேயே வைத்தேன். வாசம் பிடித்தான். தின்னாமல் என் காலடிக்கு வந்து மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான்.

தடவச் சொல்லிக் காத்திருக்கிறான். நான் கையை நீட்டினேன். தையல் தழும்பு வரைக்கும்கூடப் போகவில்லை, கை நின்றுவிட்டது. காதைச் சொறிந்துகொடுத்தேன். அவன் அதற்காகப் படுக்கவில்லை. காலை மடக்கி, வயிற்றை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.

திருமாறனின் எண்ணை எடுத்தேன். கூப்பிடவில்லை. முட்டை ஆறிப்போய்த் தட்டிலேயே கிடக்கிறது. அவன் இன்னும் அப்படியே படுத்திருக்கிறான்.